நீர் வெளியேறிய பாறைகள்: வெப்பமும் அழுத்தமும் தமிழகத்தின் கருங்கல்லை ஆக்கிய விதம்

அரியலூரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் கோவைக்கு அருகே மதுக்கரையில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் உலைக்கு ஏறத்தாழ ஒரே சரக்குதான்; இரண்டிலும் முதன்மையாக இருப்பது கால்சியம் கார்பனேட். கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு வேறுபாடு உடனே புலப்படும். அரியலூர்க் கல்லில் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலின் சிப்பிகளும், அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓட்டு உயிரிகளும் பதிந்திருக்கின்றன. அதில் படிவுப்பாறைக்கு உரிய அடுக்குகளும் தெரிகின்றன. மதுக்கரையிலும் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும் உள்ள கல்லோ முழுக்க முழுக்கப் படிகமாகியிருக்கிறது. உடைத்த முகத்தில் கால்சைட் படிகங்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மின்னுகின்றன. அந்தக் கல் படிந்த தொல்காலத்தில் ஓடுள்ள உயிரிகளே தோன்றியிருக்கவில்லை என்பது உண்மைதான். தோன்றியிருந்தாலும், அது பிறகு பட்ட பாட்டில் ஓர் ஓட்டின் விளிம்புகூட மிஞ்சியிருக்காது. முதலாவது இன்னும் படிவுப்பாறையாகவே இருக்கிறது. இரண்டாவது உருமாறிய பாறை.

உருமாற்றம் என்னும்போது பாறை உருகி மறுபடி உறைவதை நாம் குறிப்பதில்லை. உருகி உறைந்தால் அது தீப்பாறை ஆகிவிடும். பாறை திடநிலையிலேயே இருக்க, அதிலுள்ள கனிமங்கள் மட்டும் கலைந்து வேறு கனிமங்களாகவோ, அதே கனிமத்தின் பெரிய படிகங்களாகவோ புதிதாக வளர்வதுதான் உருமாற்றம். ஏறத்தாழ 200 பாகை செல்சியஸுக்குக் கீழே நடப்பதைப் படிவு இறுகுவது என்று மட்டுமே கொள்வார்கள். மேல் எல்லை எங்கே என்பது பாறைக்குப் பாறை வேறுபடும், ஏனென்றால் நீர் கலந்த களிமண் வழிப்பாறை 650 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும், நீரற்ற பாறை 900 பாகையைத் தாண்டியும் திடமாக நிற்கும். நீர் இருக்கிறதா இல்லையா என்னும் இந்தக் கேள்வியைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. வெப்பமும் அழுத்தமும் பாறையை மாற்றுகின்றன என்று சொல்வது சரியே. ஆனால் அந்த மாற்றம் எவ்வளவு தூரம் போகும், மாறிய வடிவம் நிலைக்குமா என்பவற்றைத் தீர்மானிப்பதில் நீருக்கு அவற்றுக்கு இணையான பங்கு உண்டு. தென்னிந்தியப் பாறைகள் இதை மிகத் தெளிவாகக் காட்டுகின்றன.

அதற்கு முன், வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து செயல்படுவதன் பொருளைச் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டே பார்த்துவிடலாம். காளவாசலில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஏறத்தாழ 900 பாகையில் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன், பூமிக்குள் உள்ள வெப்பமே பாறைகளை ஆக்குகிறது என்று வாதிட்டபோது, எதிர்த்தவர்கள் இதையே சுட்டிக்காட்டினார்கள்: அப்படியானால் ஆழத்தில் சூடான சுண்ணாம்புக்கல்லெல்லாம் காளவாசலில் போல் நீறிப்போயிருக்க வேண்டுமே, சலவைக்கல் எங்கிருந்து வந்தது? ஆழத்திலுள்ள அழுத்தம் வாயுவை வெளியேற விடாது என்பது ஹட்டன் தரப்பின் விடை. அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால், ஹட்டனின் மறைவுக்குப் பிறகு, சுண்ணத்தூளைத் துப்பாக்கிக் குழல்களில் அடைத்து, வாயை இறுக மூடி, உலையில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தார். பல குழல்கள் வெடித்தன. வெடிக்காமல் தாங்கியவற்றில் தூள் நீறவில்லை. படிகமாகிச் சலவைக்கல்லை ஒத்த ஒரு பொருளாக இறுகியிருந்தது. அதே வெப்பம் காளவாசலில் கல்லை அழிக்கிறது, மூடிய குழலில் அதைப் படிகமாக்குகிறது. தனியாக வெப்பத்தைப் பற்றியோ தனியாக அழுத்தத்தைப் பற்றியோ பேசுவதில் ஏன் பயனில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

கண்டங்களின் மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பநிலை 25 முதல் 30 பாகை வரை உயர்கிறது. இந்தக் கணக்கை அப்படியே கீழ்நோக்கி நீட்டிவிட முடியாது. மேலோட்டின் வெப்பத்தில் கணிசமான பங்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவிலிருந்து வருகிறது. அந்தத் தனிமங்கள் மேற்பகுதியிலேயே செறிந்திருப்பதால், ஆழம் செல்லச் செல்ல உயர்வின் வேகம் குறைகிறது. எனவே அமைதியான ஒரு கண்டத்தின் அடியில், 25 கிலோமீட்டர் ஆழத்தில், 800 பாகை வெப்பம் இயல்பாக இருப்பதில்லை. அது இருந்திருக்கிறது என்று ஒரு பாறை காட்டினால், அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்: இரண்டு கண்டங்கள் மோதி மேலோடு இருமடங்காகத் தடித்திருக்கலாம், அல்லது மேலோட்டுக்கு அடியிலுள்ள தடித்த அடுக்காகிய மூடகத்திலிருந்து பாறைக்குழம்பு எழுந்து மேலோட்டின் அடியைச் சுட்டிருக்கலாம். குழம்பு மேலோட்டின் மேற்பகுதிவரை ஊடுருவி வந்து, சுற்றியுள்ள கல்லை மட்டும் சுட்டால், அழுத்தத்தின் பங்கு மிகக் குறைந்த தொடுகை உருமாற்றம் நிகழ்கிறது. மாறாக, குளிர்ந்த கடற்தளம் வெப்பம் ஏறுவதற்கு முன்பே விரைந்து ஆழத்துக்கு இழுக்கப்பட்டால், அழுத்தம் மிகுந்து வெப்பம் குறைந்த உருமாற்றம் நிகழ்ந்து, கிளாக்கோபேன் என்னும் கனிமத்தால் நீலச்சாயல் பெற்ற பாறைகள் உண்டாகின்றன. லடாக்கில் அத்தகையவை உள்ளன. தமிழகத்தின் பாறைகள் இந்த இரு வகையிலும் சேராதவை. அவை பெருமளவில், ஆழத்தில், மிகுந்த சூட்டில் மாறியவை.

வெப்பம் செய்வது அணுக்களுக்கு அசைவைக் கொடுப்பது. ஒவ்வொரு கனிமமும் குறிப்பிட்ட வெப்ப, அழுத்த வரம்புக்குள்தான் நிலையான அமைப்பாக இருக்கிறது. வரம்பு மாறினால், அதே தனிமங்களைக் கொண்டு வேறோர் அமைப்பு குறைந்த ஆற்றலுடன் இருக்க முடியும் என்னும் நிலை வருகிறது. இருந்தும் திடப்பொருளுக்குள் அணு இடம்பெயர்வது எளிதன்று. வெப்பம் போதிய அளவு ஏறும்போதுதான் பழைய பிணைப்புகள் அறுந்து புதியவை உருவாகின்றன. அழுத்தத்தின் வேலை இரண்டு வகைப்படும். எல்லாத் திசையிலிருந்தும் சமமாக அழுத்தும் மேற்பாறையின் பாரம், குறைந்த இடத்தில் அடங்கும் அடர்த்தியான கனிமங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 35 கிலோமீட்டர் ஆழத்தில் இது 10 கிலோபார், அதாவது கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. கண்டங்கள் நகர்வதால் ஒரு திசையில் மட்டும் மிகுதியாக விழும் அழுத்தம் வேறு. அது கனிமங்களை ஒரே திசையில் வரிசைப்படுத்துகிறது. மைக்காத் தகடுகள் அழுத்தத்துக்குக் குறுக்காகப் படுத்துக்கொள்வதால் பாறை ஏடு ஏடாகப் பிரியும் தன்மை பெறுகிறது. ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லிலோ, சுத்தமான மணற்பாறை மாறி உண்டாகும் குவார்ட்சைட்டிலோ இந்த ஏடுகள் தெரிவதில்லை. அடுக்குவதற்குத் தகடு வடிவக் கனிமம் அவற்றில் இல்லை.

களிமண் படிவில் இந்த மாற்றங்கள் ஒவ்வொரு படியாகத் தெரியும். முதலில் அது சிலேட்டுப் பலகைக்கு உரிய கல்லாகிறது. மேலும் சூடேறினால் பளபளக்கும் மைக்காத் தகடுகள் கண்ணுக்குத் தெரியும் தகட்டுப்பாறை, அதற்கும் மேல் வெளிர்நிறமும் கருநிறமும் மாறிமாறி வரிகளாகப் பிரிந்த நைஸ் பாறை. ஜார்ஜ் பாரோ என்பவர் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் நடந்து நடந்து வரைபடம் தயாரித்தபோது, ஸ்டாரோலைட்டு, கயனைட்டு, சிலிமனைட்டு என்று குறிப்பிட்ட கனிமங்கள் குறிப்பிட்ட வரிசையில் முதன்முதலாகத் தலைகாட்டுவதைக் கண்டு 1893இல் வெளியிட்டார். குளோரைட்டு, பயோடைட்டு, கார்னெட் ஆகியவை பின்னர் வரிசையின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டன. ஒரே சேற்றுப் படிவுதான். எது எவ்வளவு சூடேறியது என்பதற்கான வரைபடமாக அந்தக் கனிமங்களே அமைந்துவிட்டன.

அந்த வரிசையின் கடைசி இரண்டும் தனியே கவனிக்கத் தக்கவை. கயனைட்டு, சிலிமனைட்டு, ஆண்டலுசைட்டு ஆகிய மூன்றும் வேதியியல் சேர்க்கையில் ஒன்றே. அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவை மூன்றிலும் ஒரே விகிதத்தில் உள்ளன. அணுக்கள் அடுக்கப்பட்ட முறை மட்டும் வேறு. மூன்றிலும் அடர்த்தியானது கயனைட்டு, அது அழுத்தம் மிகுந்த இடத்தில் தோன்றுகிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் ஆண்டலுசைட்டு. வெப்பம் மிகுந்தால் சிலிமனைட்டு. மூன்றின் எல்லைகளும் ஏறத்தாழ 500 பாகையையும் 4 கிலோபாரையும் ஒட்டிய ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, மோனசைட்டு, சிர்க்கான் ஆகியவற்றுடன் சிலிமனைட்டும் கார்னெட்டும் சேர்ந்து கிடைக்கின்றன. அந்த மணலை அனுப்பிய உள்நாட்டு மலைகள் கடுஞ்சூட்டில் மாறியவை என்பதற்கு அந்த ஒரு கனிமமே போதுமான குறிப்பு.

இனி நீர். புதிதாகப் படிந்த சேற்றில் துளைகளில் உள்ள நீரைத் தவிர, களிமண் கனிமங்களின் படிக அமைப்புக்குள்ளேயே ஹைட்ராக்சில் வடிவில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த அணுத்தொகுதியாக, நீர் கட்டுண்டிருக்கிறது. களிமண் மைக்காவாக மாறும்போது அதில் ஒரு பகுதி விடுபடுகிறது. மைக்கா வேறு கனிமமாக மாறும்போது மேலும் ஒரு பகுதி. சூடேறும் பாதையில் நடக்கும் வினைகளில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு நீரை வெளித்தள்ளும் வினைகளே. வெளிவந்த நீர் படிகங்களுக்கு இடையேயுள்ள எல்லைகள் வழியாக ஊர்ந்து மேலே செல்கிறது. போகிற வழியில் அது சும்மா போவதில்லை. சிலிக்காவையும் பிற தனிமங்களையும் கரைத்து எடுத்துச் சென்று, ஓரிடத்தில் தேய்ந்த படிகத்தின் பொருளை இன்னோர் இடத்தில் வளரும் படிகத்துக்குக் கொடுக்கிறது. நீர் இல்லாத கல்லில் இதே பரிமாற்றம் பல மடங்கு மெதுவாகவே நடக்கும். ஆகவே சூடேறும்போது பாறையில் வினைகள் விரைந்து நடப்பதற்கு ஒரு காரணம், அந்த வினைகள் தாமே வெளியிடும் நீர். நீர் முழுவதும் போய்விட்டால் வினைகளும் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன.

சென்னை பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கருங்கல் இந்தக் கடைசி நிலையை எட்டிய பாறை. வெட்டிய முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற மங்கலான பளபளப்பும் பசுமை கலந்த கருநிறமும் உடையது. உற்றுப் பார்த்தால் கல்லில் குவார்ட்ஸ்கூட வெளுப்பாகத் தெரியாமல் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலண்டு, கொல்கத்தா நகரை நிறுவியவர் என்று அக்காலத்தில் கருதப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இதே கல்லால் ஆனது என்பதைக் கண்டு, 1893இல் அந்தக் கல்லைப் பற்றி எழுதியபோது அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். பாரோவின் வரைபடம் வெளிவந்த அதே ஆண்டு அது. சென்னைக் கல் வங்கத்துக்குக் கப்பலேறிச் சென்று, கல்லறையின் மேல் கிடந்து, அங்கிருந்து உலகப் புவியியலுக்குள் நுழைந்த கதை சுவையானதுதான். ஆனால் கல்லுக்குள் இருக்கும் செய்தி அதைவிட முக்கியமானது. 1900இல் வெளியான பெரிய ஆய்வுரையில் ஹாலண்டு இதை ஆழத்தில் உறைந்த தீப்பாறையாகவே கருதினார். பின்வந்தவர்களில் பலர் இதை உருமாறிய பாறை என்றார்கள். பல்லாவரத்து இடம் இப்போது தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதைச் சுற்றிலும் நகரம் நெருங்கி நிற்பதால், இருப்பதே தெரியாமல் கடந்து போகிறவர்கள்தாம் அதிகம்.

சார்னோக்கைட்டின் அடையாளக் கனிமம் ஆர்த்தோபைராக்சீன். பழைய நூல்களில் ஹைப்பர்ஸ்தீன். சாதாரண நைஸ் பாறையில் இரும்பும் மெக்னீசியமும் பயோடைட்டு என்னும் கறுப்பு மைக்காவிலும் ஹார்ன்பிளெண்டிலும் இருக்கும். இவை இரண்டும் தம் அமைப்புக்குள் நீரை வைத்திருப்பவை. வெப்பம் 750, 800 பாகையை எட்டும்போது பயோடைட்டும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ஆர்த்தோபைராக்சீனையும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரையும் தருகின்றன, நீர் வெளியேறுகிறது. புதிதாகத் தோன்றிய இரண்டிலும் நீர் இல்லை. அதாவது, ஒரு பாறையில் ஆர்த்தோபைராக்சீனும் குவார்ட்ஸும் அருகருகே இருப்பதைக் கண்டால், அங்கே வெப்பம் மிகுந்திருந்தது என்பதோடு, வெளிவந்த நீர் அங்கேயே தேங்காமல் அகன்றுவிட்டது என்றும் முடிவு செய்யலாம். தேங்கியிருந்தால் பாறை உருகியிருக்கும், அல்லது சூடு தணியும்போது வினை பின்னோக்கி ஓடிப் பயோடைட்டே மறுபடி தோன்றியிருக்கும்.

நீர் எவ்வாறு அகன்றது என்னும் கேள்விக்குக் களத்திலேயே விடை தேடும் வாய்ப்பு பெங்களூருக்குத் தெற்கேயுள்ள கப்பால்துர்கா குன்றில் கிடைத்தது. அங்குள்ள குவாரியில் சாம்பல்நிற நைஸ் பாறையின் மேல் கரும்பச்சைத் திட்டுகள் படர்ந்திருக்கின்றன. திட்டுக்குள் இருப்பது சார்னோக்கைட், வெளியே இருப்பது பழைய நைஸ். நைஸின் வரிகள் திட்டின் எல்லையைக் கடந்து உள்ளேயும் மங்கலாகத் தொடர்கின்றன. உருகி ஊடுருவி வந்த தீப்பாறையாக இருந்தால் இவ்வாறு தொடர முடியாது. மைசூரைச் சேர்ந்த புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து 1960இல் இதை வெளியிட்டு, சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருந்த நிலையே அங்கே உறைந்து நிற்கிறது என்று காட்டினார். திட்டுகள் விரிசல்களையும் பிளவுப் பட்டைகளையும் ஒட்டியே செல்வதால், வாயுவோ திரவமோ ஆன ஏதோ ஒரு பாய்பொருள் அந்த வழிகளில் ஏறி வந்து பாறையை உலர்த்தியிருக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

நீரை விரட்டும் பாய்பொருள் எது? நார்வேயின் தென்பகுதியிலுள்ள இதே வகைப் பாறைகளை ஆராய்ந்த ஜாக் டூரே, படிகங்களுக்குள் சிக்கிய நுண்ணிய குமிழிகளில் நீருக்குப் பதிலாக அடர்ந்த கரியமில வாயு இருப்பதை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்திருந்தார். தென்னிந்தியச் சார்னோக்கைட்டிலும் அத்தகைய குமிழிகள் உள்ளன. ராபர்ட் நியூட்டன், ஸ்மித், விண்ட்லி ஆகிய மூவரும் 1980இல், மூடகத்திலிருந்து எழுந்த கரியமில வாயு மேலோட்டின் அடிப்பகுதியில் ஊடுருவி நீரை நீர்த்துப்போகச் செய்து, அதன் வழியாகவே பாறையை உலரச் செய்தது என்னும் விளக்கத்தை முன்வைத்தார்கள். இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் இதே வகை உருமாறிய பாறைகளின் வெடிப்புகளை நிரப்பியிருக்கும் தூய காரீயம் (கிராஃபைட் என்னும் படிகக் கார்பன்), ஆழத்தில் கார்பன் கலந்த பாய்பொருள் ஓடியது என்பதை எவரும் மறுக்க முடியாதபடி காட்டுகிறது. சிவகங்கையில் நைஸ் பாறைக்குள் செதில்களாகக் கிடைக்கும் காரீயம் பெரும்பாலும் அதே வழியில் வந்ததன்று; பழைய படிவில் இருந்த கரிமப் பொருளே சூட்டில் படிகமானது.

கரியமில வாயுக் கொள்கைக்கு எதிர்ப்பும் உண்டு. ஒரு மலைத்தொடர் முழுவதையும் உலர்த்தப் பேரளவு வாயு தேவை. அவ்வளவும் வந்ததற்கான வழிகள் எல்லா இடங்களிலும் தெரியவில்லை. வேறு இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, பாறை பகுதியளவு உருகும்போது நீர் உருகிய குழம்பில் கரைந்துவிடும், குழம்பு பிழிந்து மேலே சென்றதும் உலர்ந்த கசடு கீழே மிஞ்சும் என்பது. மற்றொன்று, ஹாலண்டு சொன்னதை ஒட்டி, நீர் மிகக் குறைந்த சூடான குழம்பே நேராகச் சார்னோக்கைட்டாக உறைந்திருக்கலாம் என்பது. உப்புச் செறிந்த பாய்பொருள்களுக்கும் பங்குண்டு என்று நியூட்டனும் அவரோடு பணியாற்றியவர்களும் பிற்காலத்தில் வாதிட்டார்கள். கப்பால்துர்காவின் திட்டுகளுக்கு விரிசல் வழி ஏறிய பாய்பொருளே பொருத்தமான விளக்கம் என்று தோன்றுகிறது. நீலகிரி அளவிலான பெரும் பாறைத்திரளுக்கு அதையே நீட்டுவது, சிறிய குவாரியில் கண்டதை மலைமேல் ஏற்றுவதாகவே முடியும். ஒரே பெயரில் அழைக்கப்படும் கல் ஒரே வழியில்தான் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த வழியாயினும், மூன்றிலும் பொதுவாக உள்ளது நீர் விலகுதல்.

எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடு என்பதைக் கனிமங்களின் சேர்க்கையிலிருந்தே கணக்கிடுகிறார்கள். அருகருகே வளர்ந்த கார்னெட்டும் பைராக்சீனும் இரும்பையும் மெக்னீசியத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். கார்னெட்டுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் இடையே கால்சியம் பிரியும் விகிதம் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். ஆய்வகத்தில் இவற்றை அளந்து வைத்திருப்பதால், நுண்ணோக்கிக் கருவியில் ஒரு படிகத்தின் சேர்க்கையை அளந்து பின்னோக்கிக் கணக்கிட முடிகிறது. இந்த முறையில் நீலகிரியின் தென்மேற்கிலிருந்து வடகிழக்கே மாயாற்றுப் பக்கம் செல்லச் செல்ல அழுத்தம் 6, 7 கிலோபாரிலிருந்து 9, 10 கிலோபார் வரை உயர்வது தெரியவந்தது. இன்று நாம் உதகையிலிருந்து கோத்தகிரிக்குப் போகும்போது, ஒரு காலத்தில் மேலோட்டின் நடுப்பகுதியாக இருந்ததிலிருந்து அதன் அடிப்பகுதியை நோக்கி நகர்கிறோம் என்று கொள்ளலாம்; மலை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்திருக்கிறது.

பழனி மலையிலும் அதன் அடிவாரத்துக் கெங்குவார்பட்டியிலும் கிடைத்தவை இன்னும் வியப்பானவை. அங்கே சஃபிரின் என்னும் நீலநிறக் கனிமம் உள்ள பாறைகள் 900 பாகையைக் கடந்து 1000 பாகையை ஒட்டிய வெப்பத்தைக் கண்டவை. எரிமலைக் குழம்புகளில் சிலவற்றின் சூட்டுக்கு இது நிகர். எனினும் அந்தப் பாறைகள் முழுதாக உருகிவிடவில்லை. நீரும், எளிதில் உருகும் பகுதியும் முன்பே பிரிந்து போய்விட்டதால்தான் எஞ்சியது அந்தச் சூட்டைத் திடநிலையில் தாங்கியது. மேலோட்டுப் பாறை இவ்வளவு சூடேற முடியும் என்பதை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை பலர் ஐயத்தோடுதான் பார்த்தார்கள்.

காலத்தைச் சிர்க்கான் என்னும் கனிமம் சொல்கிறது. அது கடுஞ்சூட்டிலும் அழியாமல், பழைய மணியின் மேல் புதிய விளிம்பு வளர்த்துக்கொள்ளும். அந்த விளிம்பிலுள்ள யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவு, உருமாற்றம் நடந்த காலத்தைத் தருகிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிக் கிழக்கே செல்லும் பெரும் பிளவுப் பட்டைக்கு வடக்கே, நீலகிரி, சேர்வராயன் மலை, சென்னை ஆகிய பகுதிகளின் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறியது. பட்டைக்குத் தெற்கே மதுரை, கொடைக்கானல் பகுதிகளிலும் கேரளத்தின் தென்பகுதியிலும் முதன்மையான உருமாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா ஆகியவை மோதிக் கோண்டுவானாப் பெருங்கண்டமாக ஒன்றிய காலம் அது. இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளும் அந்த மோதலில் மாறியவையே. இரத்தினபுரியின் ஆற்றுப் படிவுகளில் கிடைக்கும் மணிக்கற்கள் பெரும்பாலும் அந்தப் பாறைகளிலிருந்து வந்தவை. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு கருங்கற்களுக்கு இடையே ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டு இடைவெளி இருப்பதைக் கல் தானாகக் காட்டுவதில்லை.

ஆழத்தில் உருவான ஒன்று தரைக்கு வரும்போது, குறைந்த வெப்பத்துக்கும் குறைந்த அழுத்தத்துக்கும் ஏற்றபடி மறுபடி களிமண்ணாக ஏன் மாறிவிடவில்லை என்பது நியாயமான கேள்வி. வெப்பமும் அழுத்தமும் மட்டுமே பாறையை நிர்ணயிப்பதாக இருந்தால் மாறியிருக்க வேண்டும். மேலே வருவதற்குப் பல கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பின்னோக்கிய வினைகள் எல்லாவற்றுக்கும் நீர் வேண்டும். ஆர்த்தோபைராக்சீன் மைக்காவாகத் திரும்புவதற்கு இழந்த ஹைட்ராக்சில் திரும்பக் கிடைக்க வேண்டும், பொருளைச் சுமந்து செல்லவும் நீர் வேண்டும், இரண்டும் இல்லை. நீர் தேவைப்படாத சில வினைகள் மட்டும் மேலேறும் பாதையின் தொடக்கத்தில், சூடு இன்னும் தணியாதபோது நடந்திருக்கின்றன. கெங்குவார்பட்டிப் பாறைகளில் கார்னெட் மணிகளைச் சுற்றி ஆர்த்தோபைராக்சீனும் கார்டியரைட்டும் விரல்கள் கோத்ததுபோல் பின்னி வளர்ந்திருப்பது அத்தகைய ஒன்று. அழுத்தம் குறைந்ததால் அடர்ந்த கார்னெட் நிலைகுலைந்து, அதிக இடம் பிடிக்கும் கனிமங்களாகப் பிரியத் தொடங்கியது. முடிவதற்குள் குளிர்ந்து பாதியில் நின்றது. அப்படிப் பாதியில் நின்ற வினைகளைக் கொண்டுதான் பாறை மேலேறிய பாதையை ஆய்வாளர்கள் வரைகிறார்கள். எல்லாம் முழுமையாக முடிந்திருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

மேலேறிய பாறையின் இயல்புகளை அன்றாட வாழ்வில் எதிர்கொள்கிறோம். கல் வணிகத்தில் சார்னோக்கைட்டும் கார்னெட் புள்ளியிட்ட நைஸும் எல்லாம் கிரானைட் என்றே விற்பனையாகின்றன. வணிகர்களுக்கு மெருகேறுமா, வெடிப்பு உண்டா என்பவையே கேள்வி. படிகங்கள் இடைவெளியின்றிக் கோத்துக்கொண்டிருப்பதால் கல்லுக்குள் நீர் தேங்கும் துளைகள் இல்லை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இத்தகைய கடும்பாறை. அங்கே நிலத்தடி நீர் என்பது மேலுள்ள சிதைந்த படலத்திலும் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்குவது மட்டுமே. வெடிப்பைத் தவறவிட்ட ஆழ்துளைக் கிணறு பல நூறு அடி இறங்கியும் வறண்டு கிடப்பதற்குக் காரணம், அடியிலுள்ள கல் நீரை ஏற்கும் இயல்பையே இழந்தது.

நீர் எங்கெல்லாம் மீண்டும் நுழைய முடிந்ததோ அங்கெல்லாம் கல் மாறியிருக்கிறது. பிளவுப் பட்டைகளில் சார்னோக்கைட் நொறுங்கிய இடங்களில் ஆழத்திலேயே நீர் புகுந்ததால், பைராக்சீன் மறைந்து ஹார்ன்பிளெண்டும் பயோடைட்டும் மறுபடி தோன்றிக் கல் வெளுத்திருக்கிறது. மலையுச்சிகளில் மழைநீர் செய்வது வேறு வகை. ஏற்காடும் கொல்லிமலையும் சார்னோக்கைட்டால் ஆனவை. அவற்றின் சமமான உச்சிகளில் வெடிப்புகள் வழியே நீண்ட காலம் இறங்கிய மழைநீர், ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியம், சோடியம், கால்சியத்தையும் பிறகு சிலிக்காவையும் கரைத்து எடுத்துச் சென்றுவிட, கரையாத அலுமினியம் நீரோடு கூடிய ஆக்சைடாக எஞ்சிப் பாக்சைட்டுப் படலமாகியிருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்குத் தாது போனது இந்த உச்சிகளிலிருந்துதான். அந்தப் பாக்சைட்டைக் காரச்சோடாவில் கரைத்து அலுமினாவாக்கும்போது கடைசி வேலை, கிடைத்த ஹைட்ராக்சைடை உலையில் சுட்டு அதிலுள்ள நீரை வெளியேற்றுவது.